காதுக்குள் ஓயாத இரைச்சல்: வாசகர் கேள்வி–பதில்

நாள்பட்ட காது இரைச்சல் (மருத்துவர் சீட்டில் ‘டின்னிடஸ்’) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். எழுதுபவர்கள் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஒருவரும் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) ஒருவரும்.

பிரஸ் ஷாப்பில் (உலோகத் தகடுகளை இயந்திரத்தில் அழுத்தி வடிவமைக்கும் பட்டறை) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாலு வருடமாக இரண்டு காதிலும் சில்வண்டு கத்துவது போல ‘ஙீ’ என்று சத்தம். ஸ்கேன் எடுத்தாயிற்று. ‘ஒண்ணும் இல்லை, பழகிக்கோங்க’ என்கிறார்கள். ஒண்ணும் இல்லை என்றால் சத்தம் எங்கிருந்து வருகிறது?
– பெரம்பூர் வாசகர்

‘ஒண்ணும் இல்லை’ என்றால் நரம்பில் கட்டி இல்லை, மூளையில் கோளாறு இல்லை என்று அர்த்தம். நல்ல செய்திதான். ஆனால் அதோடு பேச்சை முடித்து உங்களை வீட்டுக்கு அனுப்பியது சரியில்லை. நீங்கள் கேட்கும் சத்தம் கற்பனை இல்லை.

உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள்தான் ஒலியை நரம்புச் சமிக்ஞையாக மாற்றுகின்றன. பிரஸ் ஷாப் போன்ற இடங்களில் வருடக்கணக்கில் வேலை பார்த்தால், 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையுள்ள கூர்மையான ஒலிகளைப் பிடிக்கும் செல்கள்தான் முதலில் சாகும். ஒருமுறை செத்தால் அவை முளைப்பதில்லை. அந்தப் பகுதியிலிருந்து சமிக்ஞை குறைந்ததும் மூளை தன் பங்குக்கு உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைத் திருகினால் இரைச்சல் பெரிதாகிறதே, அதுதான் நடக்கிறது. இரைச்சலின் சுருதி பெரும்பாலும் கேட்கும் திறன் குறைந்த அந்த இடத்திலேயே இருப்பதற்கும் இதுதான் காரணம்.

நல்ல காதுக்கும் இது பொருந்தும். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாக எழுதினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ‘பியூர் டோன் ஆடியோகிராம்’ எடுத்து அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை பார்ப்பது வழக்கம். 3000, 6000 இரண்டையும் விட்டுவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள். சத்தத்தில் வேலை பார்த்தவர்களின் வரைபடத்தில் 4000 பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கூடவே இரைச்சலின் சுருதியையும் உரப்பையும் பொருத்திப் பார்க்கும் சோதனையையும் கேளுங்கள். பலருக்கு அதன் முடிவு ஆச்சரியம் தரும். உயிரை வாங்குகிற அந்தச் சத்தம், அந்தச் சுருதியில் அவர்களுக்குக் கேட்கக்கூடிய மிகச் சிறிய ஒலியைவிட 5, 10 டெசிபெல்தான் அதிகமாக இருக்கும்.

அப்படியானால் இத்தனை துன்பம் எதனால்? மூளை அந்தச் சத்தத்தை ஆபத்து என்று முத்திரை குத்தி, நாள் முழுக்கக் காவல் காக்கிறது. 1990இல் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் முன்வைத்த இந்த விளக்கத்தை ஒட்டித்தான் இன்றைய சிகிச்சைகள் பலவும் அமைந்திருக்கின்றன. சத்தத்தை அழிக்க நம்மிடம் வழி இல்லை. அந்த முத்திரையை அழிக்க வழி இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதற்கு 6 முதல் 18 மாதம் வரை ஆகும். ‘பழகிக்கோங்க’ என்றவர் சொல்லாமல் விட்டது, பழகுவதற்கும் முறை உண்டு என்பதை. அதைக் கீழே மற்றவர்களுக்கான பதில்களில் பாருங்கள். உங்களுக்குக் காதுக் கருவிதான் முதல் படியாக இருக்கும் என்று நினைக்கிறோம்.

பகலில் ஆபீஸ் சத்தத்தில் தெரிவதில்லை. ராத்திரி படுத்தால் காதே வெடித்துவிடும் போல இருக்கிறது. மூன்று மணிக்கு விழித்தால் விடியும்வரை தூக்கம் இல்லை. காதில் பஞ்சு வைத்தும் பார்த்தேன், இன்னும் மோசம்.
– வேளச்சேரி வாசகர், வயது 34

பஞ்சை இன்றே எடுத்துவிடுங்கள். வெளிச்சத்தம் அடைபட்டால் உள்சத்தம்தான் மிஞ்சும். இரைச்சல் உள்ளவர் தேடக் கூடாதது முழு அமைதி. இரவில் மெல்லிய பின்னணி ஒலி ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சென்னையில் வருடத்தில் பத்து மாதம் சீலிங் ஃபேன் இந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. சிக்கல் வருவது மார்கழிக் குளிரில் ஃபேனை நிறுத்தும்போதும், சத்தமே வராத புது ஏசிக்கு மாறும்போதும், மின்வெட்டின்போதும்தான். ‘டிசம்பர் வந்தால் இரைச்சல் கூடிவிடுகிறது’ என்பவர்கள் பலருக்குக் கூடியது இரைச்சல் இல்லை, அறையின் நிசப்தம். மேலும் ஃபேன் ஒலி பெரும்பாலும் கீழ்ஸ்தாயி. உங்கள் இரைச்சல் கீச்சென்று கூர்மையாக இருந்தால் அதற்கு ஃபேன் மட்டும் போதாது. மழைச் சத்தத்திலும் அருவிச் சத்தத்திலும் மேல்ஸ்தாயி ஒலிகள் நிறைய உண்டு, அவை நன்றாகப் பொருந்தும்.

எதில், எப்படி வைப்பது என்பதில்தான் ஆளாளுக்குத் தவறுகிறார்கள். ஃபோனின் சொந்த ஸ்பீக்கர் வேண்டாம். அதில் மழை வெறும் ‘ஸ்ஸ்’ என்று எரிச்சலூட்டும். உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று போதும். தலையணைக்குப் பக்கத்தில் வைக்காமல் மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள். யூடியூபில் நேரடியாக ஓட்டாதீர்கள், நடு ராத்திரி விளம்பரம் அலறும். ஒலியைத் தரவிறக்கிக்கொண்டு ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் திரும்ப இயக்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட ஒலி திரும்பத் திரும்ப ஓடுவதாக இருந்தால் முடிந்து தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன வெட்டு விழும். மூளை அந்த வெட்டுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடும். எட்டு மணி நேரம் ஓடும் பதிவாக எடுங்கள். இடி, தவளை, பறவை எதுவும் வேண்டாம். கவனிக்க எதுவுமே இல்லாத சலிப்பான ஒலிதான் நல்ல ஒலி. பாட்டு வேண்டாம், மனம் வரிகளின் பின்னால் போய்விடும்.

அளவு: இரைச்சல் மூழ்கும்வரை ஒலியைக் கூட்டுங்கள். பிறகு இரைச்சல் லேசாகத் தலைகாட்டும்வரை குறைத்து அங்கேயே நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்து கேட்க வேண்டும். முழுக்க மூழ்கடித்தால் மூளைக்குப் பழகிக்கொள்ள எதுவும் கிடைக்காது. ஒலியை நிறுத்தியதும் பழைய கதைதான். அப்புறம் அந்த டைமர். ஒரு மணி நேரத்தில் அணையும்படி வைத்துத் தூங்குகிறவர்கள்தான் மூன்று மணிக்கு நிசப்தத்தில் விழிக்கிறார்கள். விடியும்வரை ஓடட்டும். மின்சாரம் போனாலும் நிற்காமல் இருக்க, ஸ்பீக்கரின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைப் பகலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழித்துவிட்டால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து ஹாலுக்குப் போங்கள். மங்கிய வெளிச்சத்தில் துணி மடிப்பது, பழைய இதழ் புரட்டுவது என்று ஏதாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும், ஞாயிறு உட்பட. முதல் வாரம் பகலில் கண் எரியும். வண்டி ஓட்டும்போது கவனம். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும், இரண்டாவது நாளே கைவிடாதீர்கள்.

இன்னொன்று. ‘இன்னும் கேட்கிறதா?’ என்று ஒரு நாளில் எத்தனை முறை காதுக்குள் கவனித்துப் பார்க்கிறீர்கள்? ஒவ்வொரு முறையும் மூளைக்கு ‘இது முக்கியம்’ என்று சொல்லிக் கொடுக்கிறீர்கள். இந்தச் சோதனையை நிறுத்துவது ஸ்பீக்கர் வைப்பதைவிடக் கடினம். பலனும் அதைவிட அதிகம்.

பீட்டாஹிஸ்டின், ஜின்க்கோ, ஜிங்க், பி12 என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறேன். இப்போது ‘40 நாளில் குணம்’ என்று ஒரு விளம்பரம், 18,000 ரூபாய். வாங்கலாமா?
– தாம்பரம் வாசகர்

வாங்காதீர்கள்.

நாள்பட்ட காது இரைச்சலை நீக்கும் மாத்திரை என்று நிரூபிக்கப்பட்டது இன்றுவரை ஒன்றும் இல்லை. அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் கழகத்தின் 2014 வழிகாட்டுதல், இரைச்சலுக்காக ஜின்க்கோ, மெலடோனின், ஜிங்க் ஆகியவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. பிரிட்டனின் 2020 வழிகாட்டுதல், இரைச்சலுக்கு மட்டும் என்று பீட்டாஹிஸ்டின் கொடுக்க வேண்டாம் என்கிறது. தலைசுற்றலுக்காக உங்களுக்கு அதை எழுதியிருந்தால் விஷயம் வேறு, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்தால் அந்தக் குறைவுக்காக எடுங்கள். மன அழுத்தமோ பதற்றமோ கூடவே இருந்தால் அதற்கான மருந்து உண்மையிலேயே உதவும், ஆனால் அது இரைச்சலுக்கான மருந்து இல்லை.

மறுபக்கமும் பாருங்கள். சில மருந்துகள் இரைச்சலைக் கொண்டுவரும், சில கூட்டும்: ஜென்டமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், சிஸ்பிளாட்டின், குயினைன், ஃபுரோசமைடு, அதிக அளவில் வலி மாத்திரைகள். இதயத்துக்காகத் தினமும் எடுக்கும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் அந்தக் கணக்கில் வராது. இணையத்தில் படித்துவிட்டு, ஸ்டென்ட் வைத்தவர்கள் அதை நிறுத்திவிடுவது உயிருக்கே ஆபத்து.

நன்றாக ஆராயப்பட்டு முதலிடத்தில் நிற்பது அறிதல்-நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாகச் சிபிடி. இரைச்சலைப் பற்றிய எண்ணங்களையும் அதற்கு நாம் காட்டும் எதிர்வினையையும் பேசிப் பழகி மாற்றும் முறை இது. 18,000 ரூபாயைச் செலவழிக்க மனம் இருந்தால், சிபிடி தெரிந்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் எட்டுப் பத்து அமர்வுகளுக்குச் செலவழியுங்கள்.

எனக்கு 29 வயது. வலது காதில் மட்டும் இரண்டு மாதமாக ‘டுப் டுப்’ என்று அடிக்கிறது. இதுவும் அதேதானா?
– அம்பத்தூர் வாசகி

இல்லை, இது வேறு. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். நாடியோடு சேர்ந்து அடித்தால் அது ரத்த ஓட்டத்தின் சத்தம். காரணம் கண்டுபிடிக்காமல் விடக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, உயர் ரத்த அழுத்தம் போன்ற எளிய காரணங்களும் உண்டு. காதுக்குப் பக்கத்து ரத்தக் குழாய்க் கோளாறு, நடுக்காதுக் கட்டி, மூளையைச் சுற்றிய திரவ அழுத்தம் கூடுவது ஆகியவையும் உண்டு. கூடவே தலைவலியோ குனிந்தால் பார்வை மங்குவதோ இருந்தால் இந்த வாரமே கண் மருத்துவரிடம் விழித்திரையையும் காட்டுங்கள். ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ரத்த அழுத்தம், காது மருத்துவரின் நேரடிப் பரிசோதனை, பிறகு தேவைக்கேற்ப ரத்தக் குழாய்களைக் காட்டும் எம்ஆர் ஸ்கேன் என்று வரிசை போகும்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும்: தூங்கி எழுந்ததும் ஒரு காது திடீரென்று கேட்காமல் போய் இரைச்சலும் சேர்ந்தால் ‘சளியாக இருக்கும்’ என்று காத்திருக்காதீர்கள். அன்றே காது மருத்துவரிடம் போங்கள். நரம்பால் வந்த காதுகேளாமை என்றால் ஸ்டீராய்டு முதல் சில நாட்களில் தொடங்குவது நல்லது; இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். போகும் வழியில் ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் ஓங்கிக் கேட்டால் அழுக்கோ நீரோ இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் ஓங்கிக் கேட்டால் அவசரம். எதில் கேட்டாலும் போவதை நிறுத்தாதீர்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது காதில் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டால் இரைச்சல் அடங்கும் என்று மாமியார் சொல்கிறார்.
– மயிலாப்பூர் வாசகி

காதில் அழுக்கு கெட்டிப்பட்டு அதனால் இரைச்சல் வந்திருந்தால், எண்ணெயில் அழுக்கு இளகிச் சற்று அடங்கியிருக்கலாம். அவர் சொல்வது அந்த அனுபவமாக இருக்கும். உள்காது இரைச்சலுக்கு அதனால் பலன் இல்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குப் போய்ச் சீழ் வைக்கும். சென்னை ஈரப்பதத்தில் எண்ணெய் ஊறிய காதில் பூஞ்சை வருவதும் சாதாரணம். வந்தால் அரிப்பு, அடைப்பு, கூடுதல் இரைச்சல். சூடு கூடினால் தோல் வெந்துவிடும். மருத்துவர் காதுக்குள் பார்த்து அழுக்கு இருக்கிறது என்றால், அதை இளக்கும் சொட்டு மருந்தைச் சில நாள் விட்டுப் பிறகு அவரே எடுப்பார். பட்ஸ் வேண்டாம், அது அழுக்கை உள்ளே தள்ளி இடிக்கும்.

காதுக் கருவி போட்டால் இரைச்சல் குறையும் என்கிறார்கள். இருக்கிற சத்தம் போதாதென்று இன்னும் சத்தமா? விலையும் பயமுறுத்துகிறது.
– வியாசர்பாடி வாசகர், வயது 66

ஆடியோகிராமில் குறைபாடு தெரிந்தால், இரைச்சலுக்கு எங்கள் முதல் சிபாரிசு கருவிதான். வெளியுலக ஒலிகள் திரும்பக் கிடைத்ததும் மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ள வேண்டிய தேவை குறைகிறது. பேச்சுக்காகச் சிரமப்படுவதும் குறைவதால் களைப்பு குறையும், களைப்பு குறைந்தால் இரைச்சலும் குறைவாகத் தொல்லை தரும்.

ஆனால் இரைச்சலுக்காகக் கருவி பொருத்துவதற்குத் தனிக் கணக்கு உண்டு. பொருத்துபவரிடம் மூன்று விஷயங்கள் சொல்லுங்கள். கீழ்ஸ்தாயி நன்றாகக் கேட்கும் காதை முழுக்க அடைக்காமல், துளையுள்ள திறந்த டோம் (கருவியில் காதுக்குள் போகும் மென்மையான முனை) போடச் சொல்லுங்கள். அடைத்தால் சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவது போலாகும், இரைச்சலும் ஓங்கும். இரண்டாவது, சின்னச் சின்னச் சுற்றுப்புற ஒலிகளை வெட்டும் அமைப்புகளை ஒரு புரோகிராமிலாவது குறைத்து வைக்கச் சொல்லுங்கள். பேச்சுக்கு அவை நல்லவை. உங்களுக்கோ அந்தச் சின்ன ஒலிகள்தான் தேவை. மூன்றாவது, இரண்டு காதிலும் குறைபாடு இருந்தால் இரண்டுக்கும் போடுவதே நல்லது. விலை கொடுக்குமுன் இரண்டு வாரமாவது வீட்டில் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். தினமும் எட்டு மணி நேரமாவது காதில் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டு போய், ‘இது சரியில்லை’ என்று டப்பாவில் வைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

தனியார் கடைகளில் ஒரு காதுக்குச் சில ஆயிரங்களிலிருந்து லட்சத்துக்கு மேலும் போகிறது. உயர் விலைக் கருவிதான் இரைச்சலுக்கு உதவும் என்பதில்லை. உங்கள் ஆடியோகிராமுக்கு ஏற்ப புரோகிராம் செய்யக்கூடிய டிஜிட்டல் கருவியாக இருப்பதுதான் முக்கியம். முதலில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ உங்களுக்குப் பக்கமான ஸ்டான்லியிலோ காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி என்ற முறையில் இலவசக் கருவி பெற, 2016 சட்டப்படி இரண்டு காதிலும் பேச்சு அலைவரிசைகளில் குறைந்தது 60 டெசிபெல் இழப்பு இருக்க வேண்டும். இரைச்சல் உள்ளவர்களில் பலர் இந்த வரம்புக்குள் வரமாட்டார்கள், அலைவதற்கு முன் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் கருவியைக் கெடுப்பது வியர்வை. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். நிறம் மாறும் மணிகள் என்றால், மாறியதும் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். 312 எண் பேட்டரிக்குப் பழுப்பு ஸ்டிக்கர், 13க்கு ஆரஞ்சு. ஸ்டிக்கரை உரித்ததும் உள்ளே போடாமல் ஒரு நிமிடம் காற்றுப்பட வையுங்கள், அதிக நாள் வரும்.

அடுத்த மாதம் தங்கை மகள் கல்யாணம். நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் இருக்கும். போகாமல் இருக்கவும் முடியாது.
– குரோம்பேட்டை வாசகி

தாராளமாகப் போங்கள். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் என்பது பாதுகாப்பு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 94இல் ஒரு மணி நேரம், 100இல் கால் மணி நேரம். கெட்டிமேளம் அடிக்கும்போது தவிலுக்கு அருகில் நிற்காமல் எதிர்ப்பக்கம் நில்லுங்கள். வாத்தியத்துக்கும் உங்களுக்கும் இடையிலான தூரத்தை இரட்டிப்பாக்கினாலே சத்தம் கணிசமாகக் குறையும். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன் வரிசை எப்போதும் வேண்டாம். இது மார்கழிக் கச்சேரிக்கும் பொருந்தும்.

மருந்துக் கடையில் ஃபோம் இயர் பிளக் கிடைக்கும். விரல்களால் மெல்லிசாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும்வரை 30 வினாடி விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை. சாதாரணப் பஞ்சு பாதுகாப்பே இல்லை. பாட்டை ரசிக்கவும் வேண்டும் என்றால் இசைக்கலைஞர்கள் போடும் பிளக் வாங்குங்கள். எல்லா ஸ்தாயியையும் ஒரே அளவில் குறைக்கும், ஸ்வரம் மழுங்காது. முகூர்த்தம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். சாப்பாட்டுப் பந்தியிலும் பஸ்ஸிலும் கூடப் போட்டுக்கொண்டே இருந்தால், சாதாரணச் சத்தமே தாங்க முடியாத நிலை வரும்.

தீபாவளிக்கும் இதேதான். வெடிக்கான சட்ட வரம்பு, 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெல். பட்டாசு வெடிக்க அரசு அறிவிக்கும் காலை, மாலை நேரங்களில் ஜன்னலைச் சாத்தி, வெளியே போவதானால் பிளக்கோடு போங்கள்.

காபியை விட்டுவிடச் சொல்கிறார்கள்.
– மந்தைவெளி வாசகர்

விட வேண்டாம். இரைச்சலுக்குக் காபிதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. திடீரென்று நிறுத்தினால் வரும் தலைவலியும் எரிச்சலும் இரைச்சலைப் பெரிதாகக் காட்டும். தூக்கம் கெடுகிறது என்றால் மாலைக் காபியை மட்டும் குறையுங்கள். உப்பைக் குறைப்பது, தலைசுற்றலோடு வரும் மெனியர் நோய்க்காரர்களுக்குத்தான்.

என் கணவருக்கு இரைச்சல் வந்ததிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. எரிந்து விழுகிறார். ‘இப்படியே போனால் இருந்து என்ன பயன்’ என்று ஒருநாள் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது.
– கொளத்தூர் வாசகி

அம்மா, அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் அலட்சியம் செய்யாதது மிகச் சரி. ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 என்ற டெலி மானஸ் எண் இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ‘ஆம்’ என்று அவர் சொன்னால் தனியாக விடாமல் அன்றே போங்கள். காது மருத்துவம் அதற்குப் பிறகு.

வீட்டில்: ‘இன்னிக்குச் சத்தம் எப்படி இருக்கு?’ என்று தினமும் விசாரிப்பதை நிறுத்துங்கள். அக்கறையில் கேட்கிறீர்கள், அவரோ ஒவ்வொரு முறையும் காதுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். ‘ராத்திரி தூங்கினீங்களா, வாங்க ஒரு நடை போய்ட்டு வரலாம்’ என்று கேளுங்கள். பேசும்போது அவர் முகத்துக்கு நேராக நின்று பேசுங்கள். டிவி ஓடும்போது சமையலறையிலிருந்து கூப்பிட்டால் கேட்காது, அதுவே சண்டையாகும். வீட்டை நிசப்தமாக வைக்க வேண்டாம், குழந்தைகளை அடக்கவும் வேண்டாம்.

முன்னேற்றத்தை அளக்க, டின்னிடஸ் ஹேண்டிகேப் இன்வென்டரி என்ற 25 கேள்விப் படிவத்தை ஆடியாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். ‘ஆம்’ என்றால் 4, ‘சில சமயம்’ என்றால் 2, ‘இல்லை’ என்றால் 0. மொத்தம் 100க்கு 58 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். சத்தம் அதே அளவில் இருக்கும்போதே மதிப்பெண் குறையும்; நாம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

பல்லைக் கடித்தால், கழுத்தைத் திருப்பினால் என் இரைச்சல் மாறுகிறது. இது சாதாரணமா?
– போரூர் வாசகர்

பலருக்கு உண்டு. தாடை, கழுத்துத் தசைகளின் நரம்புகள் மூளைத்தண்டில் கேட்கும் பாதையோடு சந்திப்பதால் வருவது. காலையில் தாடை வலி, தேய்ந்த பல், வாய் திறக்கும்போது ‘டக்’ சத்தம் இருந்தால் பல் மருத்துவரிடம் தாடை மூட்டைக் காட்டுங்கள். இரவில் பல் கடிப்பவர்களுக்கு மவுத் கார்டு செய்து தருவார்கள். நாள் முழுக்க லேப்டாப்புக்குக் குனிகிறவர் என்றால் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்திவிட்டுப் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். சாப்பிடாத நேரத்தில் உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒட்டாமல் இருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தில் தளர்வாக இருக்கட்டும். இதை அவ்வப்போது பார்த்துக்கொள்ள கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.